சேலத்தில் டிவி கேம் ஆடி வளர்ந்தவர்கள் வாங்க: உங்கள் முதல் ஞாபகம் எது?

அஸ்தம்பட்டி தம்பி:

வீட்டை இடித்துக் கட்டப் போவதால் போன ஞாயிறு பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டா, கைப்பிடி போன இஸ்திரிப்பெட்டி, பாட்டியின் டிரங்குப்பெட்டி எல்லாம் இறங்கிய பிறகு மூலையில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. உள்ளே எங்கள் டிவி கேம். ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, லேபிள் உரிந்த இரண்டு கேசட். அடாப்டரைக் காணோம்.

1997 மே லீவு. எனக்கு ஐந்து வயது, அண்ணனுக்குப் பதினொன்று. மாமா சென்னை போய் வரும்போது வாங்கி வந்தது. முதல் ஞாபகம் என்றால் எல்லோரும் மரியோ என்பார்கள். எனக்கு வாத்து சுடுகிற ஆட்டம். இருந்தது ஒரே துப்பாக்கி, அது அண்ணன் கையை விட்டு இறங்காது. நான் அழுது தெருவைக் கூட்டியதும் ஜாய்ஸ்டிக்கை என் மடியில் போட்டு, "நீதான்டா வாத்து. நான் சுடுவேன், நீ தப்பிச்சுப் பற" என்றான். நம்பிவிட்டேன். பட்டனை அழுத்துவது போதாதென்று உடம்பையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துப் பறப்பேன். வாத்து அடிபட்டால் நானும் பாயில் விழுந்து கண்ணை மூடிக்கொள்வேன். தப்பித்துவிட்டால் ஆட்டத்தில் வரும் வேட்டை நாய் புல்லுக்குள்ளிருந்து எழுந்து அண்ணனைப் பார்த்துச் சிரிக்கும். எங்கள் வீட்டில் அண்ணனைப் பார்த்துச் சிரிக்க தைரியம் இருந்தது அந்த நாய்க்கு மட்டும்தான்.

ஆறாவது படிக்கும்போது இதைப் பெருமையாக வகுப்பில் சொல்லித் தொலைத்தேன். "துப்பாக்கி சொருகினா ஜாய்ஸ்டிக் டம்மிடா, உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்" என்றார்கள். ஒரு வருஷம் முழுக்க என் பட்டப்பெயர் வாத்து. அண்ணன் இப்போது ஓசூரில் இருக்கிறான். ஒவ்வொரு பொங்கலுக்கும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பான்.

என் மானம் போனது போகட்டும், உங்கள் கதையைச் சொல்லுங்கள். அப்படியே, இந்தப் பெட்டியை இப்போதைய டிவியில் ஓட்ட முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டுவடை செட்:

வாத்து சார், வணக்கம்.

636005:

எங்கள் வீட்டில் டிவி கேம் கிடையாது, வாங்கித் தருவார்கள் என்று நினைத்துப் பார்த்ததும் கிடையாது. சூரமங்கலத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் நாலு டிவி வைத்து வாடகைக்கு விட்டார்கள். ஒரு மணி நேரம் 10 ரூபாய், அரை மணிக்கு 5. சுவர்க் கடிகாரம் அந்த அறையில் மட்டும் வேகமாக ஓடும். கேட்டால், "வெளிய போய்ப் பாருடா" என்பார். வெளியே போய்ப் பார்த்து வருவதற்குள் இன்னும் இரண்டு நிமிஷம் போயிருக்கும்.

5 ரூபாய்க்கு நாங்கள் ஐந்து பேர் போவோம். ஒருவன் கையில் காசு, மற்ற நாலு பேரிடம் வாய். "வலது பக்கம்டா", "மேல வரான் பாரு" என்று கத்துவதுதான் எங்கள் ஆட்டம். நான் ஆடிய நேரத்தைவிட நின்று பார்த்த நேரம் பத்து மடங்கு இருக்கும். இப்போது ஸ்ட்ரீமிங் என்று பிள்ளைகள் அடுத்தவன் ஆடுவதை மணிக்கணக்கில் பார்ப்பதைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

எங்களுக்குப் பிடித்தது டாங்க். நாம்கோ 1985இல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி' அது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். அதில் நாமே செங்கல் அடுக்கி மைதானம் கட்டும் வசதி ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா? அடியில் நாம் காப்பாற்ற வேண்டிய கழுகு இருக்கும், அதைச் சுற்றி வெள்ளை இரும்புக் கட்டியை இரண்டு அடுக்கு வைப்போம், எதிரி வர வழியே இல்லாமல். அரை மணியில் இருபது நிமிஷம் கட்டடம் கட்டியே போய்விடும். மீதிப் பத்து நிமிஷத்தில் கூட ஆடுகிற கூட்டாளியே நட்சத்திரமாக எடுத்து எடுத்து, இரும்பை உடைக்கும் குண்டு வந்ததும் எங்கள் கழுகையே போட்டுத் தள்ளிவிடுவான். வேண்டுமென்றே செய்தான் என்று இன்று வரை நம்புகிறேன்.

கேசட் ஊதி:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும். கேசட் ஓடவில்லையா, கழற்று, அடியில் ஒரு ஊது, மறுபடி சொருகு. எங்கள் தெருவில் நான்தான் ஆஸ்தான ஊதி. நாலு வீடு தள்ளியிருந்துகூட என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

அப்புறம் காண்ட்ரா என்ற சுடுகிற ஆட்டம். தொடங்கும் முன் பட்டன்களை இந்த வரிசையில் அழுத்த வேண்டும்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. 30 லைஃப் கிடைக்கும். இதை ஒரு பையன் எனக்கு இரண்டு மல்கோவா மாம்பழத்துக்கு விற்றான். சேலத்தில் மே மாசத்தில் மாம்பழத்துக்கு என்ன பஞ்சம் என்று நினைக்காதீர்கள், அது பக்கத்து வீட்டு மரம், நான் ஏறித் திருடியது. இந்த வித்தையை முதலில் வைத்தவர் கொனாமி கம்பெனியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986இல் 'கிராடியஸ்' ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்ததாம். தான் பிழைக்க ஒரு குறுக்கு வழி வைத்து, அது அப்படியே வெளியீட்டிலும் தங்கிவிட்டது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்த அன்று, பழைய கூட்டாளிகள் குழுவில் ஒருவன் அஞ்சலி என்று எதுவும் எழுதாமல் அம்புக்குறிகளை மட்டும் போட்டான். எல்லோருக்கும் புரிந்தது.

சாலிடர்:

செரி ரோடு பக்கம் முப்பது வருஷமாக டிவி ரிப்பேர் பார்க்கிறேன். இப்போது வேலை குறைவு, வாய் அதிகம்.

ஊதுகிற தம்பிக்கு: ஊதியதால் ஓடவில்லை. கேசட்டின் விளிம்பில் இருக்கும் செம்புக் கோடுகள் பெட்டிக்குள் உள்ள பற்களைச் சரியாகத் தொட வேண்டும். கழற்றிச் சொருகும்போது உரசி அழுக்கு விலகும், அதனால்தான் ஓடியது. உங்கள் வாய் ஈரம் அந்தச் செம்பைக் கறுக்க வைத்ததுதான் மிச்சம். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

அஸ்தம்பட்டி தம்பிக்கு: அவசரப்பட்டு ஏதோ ஒரு அடாப்டரைச் சொருகாதீர்கள். இந்தப் பெட்டிகளில் பலதில் பின்னின் உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். இப்போது வீட்டில் கிடக்கிற அடாப்டர்கள் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். மாற்றிக் கொடுத்தால் உள்ளே புகைதான். பெட்டியின் அடியில் படம் போட்டிருக்கும், பாருங்கள். இல்லையென்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள், திறந்து கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

புது டிவியில் மஞ்சள் ஒயர் சொருகும் இடம் இருந்தால் மரியோ ஓடும். வாத்து ஓடாது. துப்பாக்கிக்குப் பின்பக்கம் பெருத்த பழைய குழாய் டிவி வேண்டும். காரணத்தை ராத்திரி எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்.

கேசட் ஊதி:

ஐயா, உங்கள் அனுபவத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் நான் ஊதினேன், ஓடியது.

ஒண்டிக்கடை:

ஏற்காட்டில் எங்களுக்கு டிவி கேம் எல்லாம் எட்டாத சங்கதி. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் வர இரண்டு நாள் ஆகும். அப்பாவுக்குக் காபி எஸ்டேட்டில் வேலை. என் முதல் கேம், மே மாசம் மலர்க் கண்காட்சிக்கு வந்த கடையில் வாங்கிய கை கேம். சாம்பல் திரை, மஞ்சள் பட்டன், அட்டையில் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான், வேகத்தை மாற்றி மாற்றி நம்பர் போட்டிருப்பார்கள். எல்லோரும் ஆடுவது செங்கல் அடுக்குகிற ஆட்டம். டெட்ரிஸ் என்ற பெயரோ, 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கினார் என்பதோ எங்களுக்கு எங்கே தெரியும்? எங்களுக்கு அது 'ட' கேம். வளைந்த துண்டு ட, அதன் எதிர்ப்பக்கம் திரும்பினது கண்ணாடி ட, நீளமானது குச்சி, கோணலானது படி. அக்காவும் நானும் ஒரு கம்பளிக்குள் படுத்துக்கொண்டு, "குச்சி வரும், ஓரத்தை அடைக்காத" என்று சண்டை போடுவோம். குச்சி வராது.

பேட்டரிதான் பெரிய பிரச்சினை. டிசம்பர், ஜனவரிக் குளிரில் பென்சில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். திரை மங்கியதும் அக்கா இரண்டையும் கழற்றி, மடியில் கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்காருவாள். சூடேறியதும் இன்னும் பத்து நிமிஷம் ஓடும். பழப்பறிப்புக் காலத்தில் அம்மாவுக்கு வாரக்கூலி வரும் சனிக்கிழமைதான் புது பேட்டரி. அதுவரை இந்தச் சூடு வைத்தியம்தான்.

சேலத்துக்கு இறங்கும்போது பஸ்ஸிலும் ஆடுவோம். இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு வளைவுக்கு ஒரு கோடாவது உடைக்க வேண்டும் என்று பந்தயம். பஸ் திரும்பும் பக்கம் உடம்பு சாயும், கட்டை விரலும் சாயும், ட போய் தப்பான இடத்தில் உட்காரும். அடிவாரம் வரை ஒரு தடவைகூட நான் தாக்குப்பிடித்ததில்லை. பாதியிலேயே ஜன்னல் பக்கம் தலையை நீட்ட வேண்டி வரும். அந்த நேரம் பார்த்து அக்கா கேமைப் பிடுங்கிக்கொள்வாள்.

தட்டுவடை செட்:

கண்ணாடி ட. இனிமேல் எனக்கு அதுதான் பெயர்.

குழித்தறி:

அம்மாபேட்டை. முன்னறையில் அப்பாவின் தறி, அடுத்த அறையில் டிவி. நடுவில் கதவு கிடையாது. மரியோ குதிக்கிற சத்தமும் நாடா ஓடுகிற சத்தமும் சேர்ந்தேதான் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது. இன்று யூடியூபில் தனியாக அந்த இசையைக் கேட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

எங்கள் அப்பா பட்டுச் சேலைக்கு பார்டர் டிசைனும் போடுவார். கட்டம் போட்ட கிராப் தாளில் மாங்காயோ அன்னமோ கட்டம் கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போட வைப்பார். துளை இருந்தால் அந்த இழை மேலே எழும், இல்லையென்றால் எழாது. நான் மரியோ ஆடும்போது ஒரு நாள் டீ டம்ளரோடு வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவும் கிராப்தான்டா. இந்த ஆளு பதினாறு கட்டம் உசரம்" என்றார். அப்புறம், "உன்னை ஒருத்தன் ஏமாத்தியிருக்கான். மேல போற மேகமும் கீழ இருக்கிற செடியும் ஒரே அட்டை. கலரை மாத்தி ரெண்டு இடத்துல போட்டிருக்கான்" என்றார்.

ஆயிரம் தடவை ஆடியிருப்பேன், கண்ணில் பட்டதே இல்லை. நிறுத்திப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது, வெள்ளை மேகம், பச்சைப் புதர், ஒரே வளைவு. பல வருஷம் கழித்து இன்டர்நெட்டில் இதைப் பெரிய ரகசியமாக எழுதியிருந்தார்கள். 1985இல் அந்த ஆட்டம் மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது, அதனால் ஒரே படத்தைக் கலர் மாற்றி இரண்டு இடத்தில் போட்டார்கள். அப்பாவுக்கு அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. "அட்டை மிச்சம் பண்ணியிருக்கான், கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அவரும்தான் ஒரே மாங்காயை உடம்பில் ஒரு கலர், முந்தியில் ஒரு கலர் என்று நெய்துகொண்டிருந்தார்.

கரண்ட் போனால் என் ஆட்டம் நிற்கும், அவர் தறி நிற்காது. அப்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், வாத்து கேம் நாய் தோற்றது.

அஸ்தம்பட்டி தம்பி, எங்கள் வீட்டில் 21 இன்ச் குழாய் டிவி இன்னும் இருக்கிறது. மேலே ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறோம். பெட்டியோடு வாங்க.

சர்க்கஸ் ராணி:

எல்லா ஆண்களும் கடைக்குப் போனேன், வாடகைக்கு ஆடினேன் என்று எழுதுகிறீர்கள். எங்களை எந்தக் கடையில் விட்டார்கள்? செவ்வாப்பேட்டையில் அத்தை வீட்டுக்கு லீவுக்குப் போனால்தான் எனக்கு டிவி கேம். அங்கேயும் அத்தை பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போகிற நாலு மணி முதல் ஆறு மணி வரைதான்.

எனக்கு சர்க்கஸ். சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையம் தாண்டுவது, கயிற்றில் நடக்கும்போது குரங்குகளைத் தாண்டுவது, உருண்டு வரும் பந்து, குதிரை, கடைசியில் ஊஞ்சல். அத்தை கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக்கொண்டே, திரையைப் பார்க்காதது போல, "குரங்கு வருது, குதிடி" என்பார். வேகமாக ஓடிவரும் நீலக் குரங்கு வந்தால் அத்தைக்கும் கை நின்றுவிடும்.

பையன்களைவிட என் ஸ்கோர் எப்போதும் அதிகம். ஆனால் நிரூபிக்க முடியாது. சுவிட்சை அணைத்தால் ஸ்கோர் போய்விடும், அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தியே கிடையாது. ஒரு நாள் சாட்சிக்காக அணைக்காமல் அப்படியே விட்டுவைத்தேன். மாமா வந்து அடாப்டரைத் தொட்டுப் பார்த்து, "இட்லி வேக வைக்கலாம் போல இருக்கு" என்று பிடுங்கிவிட்டார். பையன்கள் வந்து, "ராணியாம் ராணி" என்றார்கள். அத்தை, "நான் பார்த்தேன்டா" என்றார். யாரும் கேட்கவில்லை.

கேசட் ஊதி:

நாங்கள் நம்புகிறோம் அக்கா.

சாலிடர்:

சரி, துப்பாக்கிக் கதை. அதிலிருந்து டிவிக்கு எதுவும் போகாது, டிவியிலிருந்துதான் அதற்கு வெளிச்சம் வருகிறது. துப்பாக்கிக் குழாய்க்குள் ஒளியை உணரும் சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது. விசையை இழுத்ததும் திரை முழுக்க ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறியதைத் துப்பாக்கி பார்த்தால் வாத்து அவுட். டியூப்லைட்டைக் காட்டி ஏமாற்றலாம் என்று எல்லாப் பையன்களும் முயன்றிருப்பீர்கள். கறுப்பு வர வேண்டிய கணத்திலும் வெளிச்சமே தெரிந்தால் பெட்டி கணக்கில் எடுக்காது. இதெல்லாம் குழாய் டிவி கோடு கோடாகப் படம் வரைகிற வேகத்தை நம்பிச் செய்தது. தட்டை டிவி படத்தை வாங்கிச் சற்றுத் தாமதித்துக் காட்டுகிறது. அதற்குள் பெட்டி பார்த்து முடித்திருக்கும்.

இன்னொன்று. அஸ்தம்பட்டி தம்பியின் முதல் பதிவை இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். தம்பி, நீங்கள் ஆடியது ஒரு தடவைக்கு ஒரே ஒரு வாத்து பறக்கும் முதல் ஆட்டமா, இரண்டு வாத்து பறப்பதா?

அஸ்தம்பட்டி தம்பி:

ஒரு வாத்துதான் ஐயா. இரண்டு பறந்தால் அண்ணனுக்குச் சுட வராது. ஏன்?

சாலிடர்:

அப்படியென்றால் உங்கள் வகுப்புப் பையன்கள் சொன்னது தப்பு. 'டக் ஹன்ட்' முதல் ஆட்டத்தில் ஜாய்ஸ்டிக் டம்மி கிடையாது. ஒருவர் சுடலாம், இன்னொருவர் ஜாய்ஸ்டிக்கால் வாத்தை ஓட்டலாம். நிண்டெண்டோ 1984இல் செய்தபோதே வைத்தது. நம் ஊருக்கு வந்த காப்பிகளில் விளக்கப் புத்தகம் வராததால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாத்து ஆட்டத்தில் அது கிடையாது.

தட்டுவடை செட்:

எழுந்து நின்றுவிட்டேன்.

ஒண்டிக்கடை:

தம்பி எங்கே? இரண்டு நாளாகச் சத்தமே இல்லை.

அஸ்தம்பட்டி தம்பி:

மன்னிக்கவும், நேரில் பார்க்காமல் எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

சாலிடர் ஐயா கடையில் பெட்டியைத் திறந்து ஒரு கெப்பாசிட்டர் மாற்றி, சரியான அடாப்டர் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஞாயிறு காலை அம்மாபேட்டைக்குப் போனேன். குழித்தறி ஊறுகாய் ஜாடியை இறக்கினார். ஆன்டெனா ஒயரைச் சொருகி, சேனலைத் திருகித் திருகி, ஒரு இடத்தில் புள்ளி மழைக்குள்ளிருந்து மெனு வந்தது. கேசட் ஓடியது முதல் தடவையில் இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன், ஊதினேன்.

குழித்தறியின் அப்பா துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தரையில், ஜாய்ஸ்டிக்கோடு. வாத்து எழும்பியது. இடப்பக்கம் அழுத்தினேன், வாத்து இடப்பக்கம் போனது. கீழே அழுத்தினேன், இறங்கியது. பெரியவர் மூன்று குண்டும் விட்டார், மூன்றும் ஆகாசத்துக்குப் போயின. நாய் சிரித்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ கட்டம் கட்டமா நகர்த்தறப்பா" என்றார்.

அங்கேயே அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு, ஒன்றும் சொல்லாமல் திரையையும் என் கையையும் காட்டினேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம், "டேய், நீ அழுகையை நிறுத்தணும்னு சும்மா சொன்னதுடா அது" என்றான்.

"எனக்கும் தெரியும்."

"அப்போ அந்த லீவு பூரா என்னைத் தோக்கடிச்சது..."

"நான்தான்."

பின்னால் அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஓடிவந்து என்ன என்று கேட்டார்கள், அவன் பதில் சொல்லவில்லை. ஆடிப் பண்டிகைக்கு வருகிறானாம். அதுவரை டிவியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று குழித்தறியிடம் சொல்லச் சொன்னான். "இந்தத் தடவை துப்பாக்கி நீ பிடி, ஜாய்ஸ்டிக்கை என்கிட்ட கொடு" என்றான்.

சர்க்கஸ் ராணி:

அந்த இன்னொரு கேசட்டில் என்ன இருக்கிறது? சர்க்கஸ் இருந்தால் சொல்லுங்கள், அத்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.